அளக்க மட்டும் வந்தவள்

ஜூன் 10

ஆராய்ச்சி என்றால் உட்கார்ந்து யோசிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். இன்று முழுக்க ஒரு மேசைக்காக அலைந்தேன். ஸ்டோரில் கேட்டால் ஆபீசில் கேளுங்கள் என்கிறார்கள். ஆபீசில் கேட்டால், "டாக்டர் ஹெப்சிபா லீவுல இருக்காங்கள்லா, அவங்களுக்கு எதுக்கு மேசை?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இந்த ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதுதான் மரியாதை. கடைசியில் பழைய எக்ஸ்ரே அறையை ஒட்டிய மூன்றாம் எண் அறையைத் திறந்துவிட்டார்கள். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

சாயங்காலம் ஜெயசிங், "ரெண்டு வருசம் லீவுன்னா வீட்டுல இருப்பேன்னுல்லா நெனச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். புருஷனிடம் அதையெல்லாம் ஒத்துக்கொள்ள முடியுமா?

ஏன் இதில் இறங்கினேன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போய், ஆணி குத்தினாலும் தெரியாமல், புண்ணாகி, அழுகி, என் ஆபரேஷன் மேசைக்கு வந்து சேருகிறவர்களின் கால்களை வெட்டி வெட்டி எனக்கு அலுத்துவிட்டது. இதைத் தடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வேறு பெரிய கொள்கை எதுவும் இல்லை.

ஜூன் 14

முறை எளிது. கால் மரத்துப்போன, ஆனால் இன்னும் புண் வராத நோயாளிகள். சம்மதிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு ஒட்டிய உறை. பிரித்தால் ஒன்று என்று இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு. ஒன்று வந்தவர்களுக்கு மிருதுவான ரப்பர் செருப்பும், மாதாமாதம் சிஸ்டர் செண்பகவடிவு நடத்தும் கால் பராமரிப்பு வகுப்பும். இரண்டு வந்தவர்களுக்கு இதுநாள்வரை என்ன கிடைத்ததோ அதுவே: மாத்திரை, ஒரு அச்சடித்த தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தரப்பையும் நான் அளக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, புண் வந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். புண் இருந்தால் சர்ஜரி ஓ.பி.க்கு ஒரு சீட்டு. வருஷக் கடைசியில் எந்தப் பக்கம் புண் குறைவு என்று பார்ப்பது.

செருப்புப் பக்கம் குறைவு என்று வந்தால் தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கால் பராமரிப்புக்கென்று ஒரு நர்ஸ் போடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். எல்லாம் இந்த மூன்றாம் எண் அறையில் நான் அளக்கப்போகிற அளவில் இருக்கிறது.

என் வழிகாட்டி பேராசிரியர் குற்றாலநாதன். அதிர்ந்து பேசமாட்டார், அதனால்தான் எல்லாருக்கும் அவரிடம் பயம். போகும்போது இன்னொன்றையும் தலையில் கட்டினார். "அடுத்த ஆகஸ்ட்ல ஒரு அரை மணி நேரம் பேசணும் ஹெப்சி. முதல் தடவையா ஆராய்ச்சிக்கு வரலாமான்னு யோசிக்கிற டாக்டர்களுக்கு நாலு யோசனை சொல்லுங்க."

முதல் தடவையாக வந்தவளிடமே யோசனை கேட்கிறார்.

ஜூலை 2

இன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் மூக்காண்டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஓட்டலில் தோசை மாஸ்டர். விடிந்ததும் கல்லுக்கு முன்னால் நின்றால் மத்தியானம்தான் உட்காருவார், அதுவும் வெறுங்காலோடு. உறையைப் பிரித்தார். இரண்டு.

"அப்ப நான் எந்தக் கட்சி டாக்டரம்மா? செருப்புக் கட்சியா, தாள் கட்சியா?"

"தாள்தான் அண்ணாச்சி."

"நம்ம ராசி அப்படி. நான் ஓட்டுப் போட்ட எந்தக் கட்சி ஜெயிச்சிருக்கு? சரி, கடைசில எந்தக் கட்சி ஜெயிச்சுதுன்னு மட்டும் சொல்லிருங்க."

குதிகாலில் கெட்டியாகக் காய்த்திருந்தது. அப்படியே விட்டால் அடியில் சீழ் கட்டும். பிளேடு பக்கத்திலேயே இருந்தது, சீவிவிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. "ஒண்ணுமே தெரியலையே" என்று சந்தோஷப்பட்டார். "அதான் அண்ணாச்சி வியாதியே" என்றேன். இதெல்லாம் அளவில் சேராது.

வரும் வழியில் மாவு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 19

முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சர்ஜன், நல்ல கைராசி, வாய் அதைவிட. "மேடம், நானும் ஒரு ரெண்டு வருசம் ரிசர்ச் பக்கம் போலாமான்னு பாக்கேன். எப்படி இருக்கு?"

"ஃபேன் காத்து வராது. மத்தபடி நல்லா இருக்கு."

"இதைத்தான் அடுத்த ஆகஸ்ட்ல பேசப் போறியளா?"

அவள் போன பிறகு பேச்சுக்கு ஒரு வரி எழுதினேன்: 'முதலில் மேசைக்கு விண்ணப்பியுங்கள்.' அடித்துவிட்டேன். அதுதான் உண்மை, ஆனாலும் அடித்துவிட்டேன்.

ஜூலை 30

பீடி சுற்றுகிற வள்ளிமுத்து அம்மாள் வந்தார்கள். கால் ஜில்லென்று இருக்கிறது என்று ராத்திரி கொதிக்கிற வெந்நீரில் வைக்கிறார்களாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உட்காரவைத்து அரை மணி நேரம் கத்தினேன். வெந்நீரில் வைக்காதீர்கள், விரலிடுக்கைத் துடையுங்கள், தினமும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பாருங்கள். "இப்படி யாரும் சொல்லலையே தாயி" என்று கண் கலங்கிவிட்டார்கள். என் செல் நம்பரைத் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இரண்டாம் எண். எந்த எண்ணாக இருந்தால் என்ன, கால் கால்தானே.

சிஸ்டர் செண்பகவடிவு வகுப்பு முடித்துத் தொண்டை கட்டிப்போய் வந்தார்கள். "எனக்கு மாசம் ஒருக்க வகுப்பு, உங்களுக்குத் தெனமும் வகுப்பால்லா இருக்கு டாக்டர்" என்றார்கள். இருவருமாகச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 9

சிவனணைஞ்சான் பூக்குழி இறங்கிவிட்டார். செருப்புக் கட்சி, எங்களுடைய முதல் வகுப்பு மாணவர். சிஸ்டர் கேட்ட கேள்வியெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னவர். அம்மன் கோயில் ஆடிக் கொடைக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தாராம். இந்த வருஷம் சுடவே இல்லை, அம்மன் பூவாகவே மாற்றிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். எப்படிச் சுடும்? அந்தக் கால் மரத்துப்போய் மூன்று வருஷம். நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முன்பாதம் போய்விட்டது.

சிஸ்டர் அழுதேவிட்டார்கள். "எல்லாம் சொன்னேனே டாக்டர், பூக்குழி இறங்காதியன்னு சொல்ல எனக்குத் தோணலையே." எனக்கும்தான் தோன்றவில்லை. நாங்கள் அச்சடித்த படங்களில் ஆணி இருக்கிறது, கண்ணாடித் துண்டு இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. சாமி இல்லை.

ஆகஸ்ட் 10

ஞாயிறாக்கும் என்று நினைத்து பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பவில்லை. சனிதான், பள்ளிக்கூடம் உண்டு. ஜெயசிங்தான் கொண்டுபோய் விட்டார்.

செப்டம்பர் 17

அளந்துகொண்டிருக்கும்போது குற்றாலநாதன் சார் வாசலில் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. ஒரு அம்மாவின் பெருவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினார்.

"அவங்க எந்த குரூப்?"

"ரெண்டு சார்."

"நகம் வெட்டுறது நம்ம முறையில எங்க இருக்கு?"

நகவெட்டியை மேசையில் வைத்தேன்.

"இங்க அளக்கத்தாம்மா வந்திருக்கீங்க. வைத்தியம் பாக்க இல்லை. ரெண்டு பக்கமும் நீங்களே பார்த்துட்டா என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறோம்? கத்தியை வச்சுட்டு அளங்க."

அவர் சொன்னது நியாயம். இதை முதல் நாளே நான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிளேடு, நகவெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கை என்னவோ போல இருந்தது.

செப்டம்பர் 18

அளவு நாள். ஒழுங்காக அளந்தேன். யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மூக்காண்டிக்கு இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். சிந்திய சுடு எண்ணெயை மிதித்திருப்பாராம், எப்போது என்று தெரியாதாம். குறித்துக்கொண்டேன். முறைப்படி சர்ஜரி ஓ.பி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

"நீங்களே ஒரு பார்வை பாத்துருங்களேன்."

"நான் இங்க அளக்க மட்டுந்தான் அண்ணாச்சி. அங்க காட்டுங்க, முப்பிடாதி டாக்டர் இருப்பாங்க."

"வரிசை வாசல் வரைக்கும் நிக்கே. கடைல முதலாளி கத்துவாரு. நாளைக்குக் காலைல வந்து காட்டுதேன்."

"கண்டிப்பா வரணும்" என்றேன். வருகிறேன் என்றார். ஓ.பி. இங்கிருந்து ஒரு வேப்பமரம் தள்ளித்தான்.

அக்டோபர் 8

மூக்காண்டிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. முப்பிடாதி செய்தாள். நான் லீவில் இருப்பதால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாது. வார்டுக்குப் போகலாம். போகவில்லை.

அக்டோபர் 9

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. புதிது வர ரெண்டு நாள் ஆகும் என்கிறான். கரண்ட் அடுப்பில் சமைத்தேன். தோசை வரவில்லை, கல் சூடேறவில்லை. பிள்ளை ஓட்டலில் வாங்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று ஜெயசிங் கேட்டார். நான் கத்தியதாகவே எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 21

முப்பிடாதி வந்தாள். நான் சீட்டு கொடுத்ததற்கு மறுநாள் மூக்காண்டி ஓ.பி.க்கு வரவே இல்லையாம். அதற்குப் பிறகும் வரவில்லையாம். வலித்தால்தானே வருவதற்கு? "சீட்டு மடிச்ச மேனிக்கு சட்டைப் பைல இருந்துச்சு மேடம்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். பேச்சை மாற்ற, ஆராய்ச்சிக்கு வருவதைப் பற்றி என்ன முடிவு செய்தாய் என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் ஓடல" என்று போய்விட்டாள்.

நவம்பர் 5

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பது போதாது என்று தோன்றுகிறது. இடையில் வருகிற புண் கணக்கில் வராமலே போய்விடும். அளவு துல்லியமாக இருப்பது முக்கியம். இரண்டாம் எண்காரர்களை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் எண்காரர்கள் எப்படியும் சிஸ்டரிடம் மாதாமாதம் வருகிறார்கள்.

வர முடியாதவர்களை போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 22

பீரோ சாவியைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

டிசம்பர் 13

மழை. அறையில் ஒழுகுகிறது, மேசையைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். மழையோடு மழையாக வெள்ளிக்கிழமைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வள்ளிமுத்து அம்மாள் கைப்பைக்குள் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட உள்ளங்காலைப் பார்க்கிறார்களாம். பக்கத்து சீட்காரி தள்ளி உட்காருகிறாளாம். கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஜனவரி 20

பொங்கலுக்குப் பிறகு வீட்டைத் துப்புரவு செய்யவில்லை. கரும்புச் சக்கை அப்படியே கிடக்கிறது. என்னால் ஆகவில்லை. காலையில் எழுந்தால் முதலில் வரும் நினைப்பு, இன்றைக்கு யாருடைய காலில் என்ன.

மார்ச் 3

"உங்க ரெண்டாம் நம்பர் ஆளுக அளவு ரொம்ப நல்லா இருக்கே" என்று சார் கேட்டார். ஆமாம் என்றேன்.

பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். 'பொறுமை வேண்டும். நல்ல வழிகாட்டி வேண்டும். வீட்டில் ஒத்துழைப்பு வேண்டும்.' கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தாளைக் கசக்கிப் போட்டேன்.

ஜூன் 24

கடைசி அளவும் முடிந்தது. எல்லாவற்றையும் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கிறவரிடம் அனுப்பினேன். அசதி என்றால் இப்படி ஒரு அசதி. மத்தியானம் படுத்தவள் சாயங்காலம் பால்காரர் மணியடித்துத்தான் எழுந்தேன்.

ஜூலை 14

வித்தியாசம் இல்லை.

புண் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. கால் இழந்தவர்கள் அங்கே ஒருவர், இங்கே ஒருவர். இவ்வளவு குறைவாகப் புண் வந்த கூட்டத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்று கணக்குக்காரர் ஆச்சரியப்படுகிறார். "உங்க ஊர்ல சும்மா விட்டாலே கால் நல்லாத்தான் இருக்கு போல" என்று எழுதியிருக்கிறார்.

சும்மா விட்டாலே.

ஜூலை 16

சார் அதிர்ந்து பேசவில்லை. "வித்தியாசம் இல்லைங்கிறதும் ஒரு முடிவுதாம்மா. வந்ததை வந்தபடி எழுதுங்க. இதுவும் நல்ல பத்திரிகையில வரும். உங்களுக்கும் ஒரு பேர் கிடைக்கும், எடுத்த லீவு வீணாகலை." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டார்.

இல்லை சார் என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஜூலை 22

கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. இங்கிலீஷில் எழுதினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கிறது.

சிஸ்டர் செண்பகவடிவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேரே வந்து உட்கார்ந்தார்கள். "அப்ப நான் தொண்டை கிழியக் கத்தினது தண்டமா டாக்டர்? தாலுகாவுக்கு ஒரு நர்ஸ் வரும்னு சொன்னியளே?" என்றார்கள். நான் கட்டுரைத் தாள்களை அடுக்கினேன். "நானும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்த ரூம் வாசல்ல நின்ன கூட்டத்தைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். பெரிய டாக்டர்கள்ட்ட நான் என்னத்தச் சொல்ல?" எழுந்து போய்விட்டார்கள். நல்ல கோபம். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது.

ஜூலை 27

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக்கு ரவா தோசை வேண்டுமாம். ஜெயசிங் வண்டியை பஸ் ஸ்டாண்டு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்பது மாதமாக இந்தப் பக்கமே நான் வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. வேறு கடை பார்க்கலாம் என்று நான் சொல்வதற்குள் பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள்.

"டாக்டரம்மா! நம்மள மறந்தே போயிட்டியளே!"

பார்சல் கட்டுகிற இடத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் மூக்காண்டி. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. சட்னியைப் பொட்டலம் கட்டி நூலைச் சுற்றிக்கொண்டே ஜெயசிங்குக்கு வணக்கம் சொன்னார், பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். முதலாளி நல்லவர், நிற்காமல் செய்கிற வேலையாகக் கொடுத்துவிட்டார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சினேகிதனிடம் கேட்பதுபோல:

"வருசம் முடிஞ்சிருக்குமே. எந்தக் கட்சி ஜெயிச்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ, அதற்குக்கூடத் தெம்பில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்னு வந்திருக்கு அண்ணாச்சி. வித்தியாசம் இல்லைன்னு."

நூல் சுற்றிய கை நின்றது. "வித்தியாசம் இல்லையா?" என்று குனிந்து பார்த்தார். வேட்டிக்குக் கீழே ஒரு பக்கம் ஒன்றுமில்லை. "அப்ப என் காலு எந்தக் கணக்குல வரும்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குள் அவர் உள்ளே திரும்பி, "எலே, டாக்டரம்மா பிள்ளைக்கு ரவா முறுகலா போடுல!" என்று சத்தம் போட்டார்.

நான் சாப்பிடவில்லை.

ஜூலை 28

எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

இரண்டாம் எண்காரர்கள் சும்மா விடப்பட்டவர்கள் இல்லை. முதல் நாளிலிருந்து அவர்களுடைய காய்ப்பைச் சீவினேன், நகம் வெட்டினேன், திட்டினேன், போன் செய்தேன். செருப்பு ஒன்றுதான் கொடுக்கவில்லை. சிஸ்டர் மாதம் ஒருநாள் செய்ததை நான் வாரா வாரம் செய்தேன். பிறகு எப்படி வித்தியாசம் வரும்? நான் அளந்தது கவனித்த காலுக்கும் கவனித்த காலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை.

புண்ணைப் பார்த்தும் கவனிக்காமல் விட்டது ஒரே ஒரு ஆளை. ஒரே ஒரு நாள். அந்த ஒரு கால்தான் உண்மையில் இரண்டாம் எண்.

சாரிடம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எத்தனை பேருக்கு என்று கேட்டார். எல்லாருக்கும் என்றேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அன்னைக்கு நான் வந்து சொன்ன பிறகு நிறுத்தினீங்களே, எப்ப மறுபடி ஆரம்பிச்சீங்க?"

"மூக்காண்டிக்குக் கால் எடுத்த பிறகு சார்."

"அவருக்குச் சீட்டு கொடுத்தீங்கள்லா?"

"கொடுத்தேன் சார்."

"அப்ப நீங்க செஞ்சது சரி. அன்னைக்கு நான் சொன்னதும் சரி."

"ஆமா சார். ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்தோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சர்ஜன் ஆன பிறகு இன்னொரு டாக்டர் முன்னால் நான் அழுதது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 1

கட்டுரை போகாது. நடந்ததை நடந்தபடி மேலிடத்துக்கு எழுதிவிட்டோம்: இந்த ஆய்வை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, கோப்பை மூட வேண்டாம், மறுபடி செய்ய வேண்டும். சாரும் கையெழுத்துப் போட்டார். என் மிச்ச லீவு ரத்து. அடுத்த மாதம் வார்டுக்குத் திரும்புகிறேன். என் பேரில் ஆராய்ச்சி என்று ஒன்றும் இல்லை.

சிஸ்டரிடம் சொன்னேன். "மூடலைல்லா, அது போதும்" என்றார்கள். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காபி கொண்டுவந்தார்கள், சர்க்கரை போடாமல்.

ஆகஸ்ட் 6

பேச்சு. ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதிதான் நிறைந்தது. நான் எழுதிக்கொண்டு போனது எதுவும் உதவவில்லை. மூக்காண்டியின் கதையைச் சொன்னேன், என் கதையையும்.

"எல்லாரும் உங்ககிட்ட, ஆராய்ச்சிக்கு அறிவு வேணும், பொறுமை வேணும்னு சொல்லுவாங்க. அதெல்லாம் உங்ககிட்ட இருக்கு. நான் சொல்ல வந்தது வேற. இத்தனை வருசமா உங்க கையைப் பழக்கி வச்சிருக்கிய. புண்ணைப் பாத்தா அது சும்மா இருக்காது. இருக்கவும் கூடாது. அதனால வைத்தியம் பாக்கிற ஆளே அளக்கிற ஆளா இருக்காதிய. என்னால முடியும்னு நெனைக்காதிய, நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னொண்ணு, அளக்கிற இடத்துல புண்ணைப் பாத்தா சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாதிய. அந்த ஆளோட கூட நடந்து போங்க. வரிசைல நிக்கணும்னா கூட நில்லுங்க. மரத்துப்போன காலுக்கு நாளைக்குங்கிறது தெரியாது."

கை தட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் சார் தலையை ஆட்டினார்.

வெளியே முப்பிடாதி காத்திருந்தாள். "அடுத்த தடவை நான் பண்ணுதேன் மேடம். சார்ட்ட கேட்டாச்சு."

"இவ்வளவு கேட்ட பிறகுமா?"

"கேட்டதாலதான். ஆனா ஒரு கண்டிசன். அளக்கிற ரூம் பக்கமே நீங்க வரக் கூடாது. நானும் போக மாட்டேன். அளக்கிறதுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாத ஆளாப் போடப் போறேன்."

"சரி. கூட நடந்து வரணும்கிறது?"

"முதல் விதியே அதான்."

செப்டம்பர் 1

வார்டு. பழைய மேசை, பழைய காலணி ஸ்டாண்டு, அதே வாடை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் செய்யாத கைக்கு வேலை மறந்திருக்குமோ என்று பயந்தேன். மறக்கவில்லை. சாயங்காலம் இடுப்புதான் ஒடிந்துவிட்டது.

நவம்பர் 18

முப்பிடாதியின் ஆய்வு ஆரம்பித்து மூன்றாவது வாரம். மூன்றாம் எண் அறைப் பக்கம் நான் போவதில்லை. டீ குடிக்கப் போனால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். நேற்று மூக்காண்டியைப் பார்க்கப் போயிருந்தேன், செயற்கைக் கால் அளவெடுக்க நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கட்சிக் கதையை முழுசாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப எலெக்சன் செல்லாதுன்னு அறிவிச்சிட்டிய" என்றார். சிரிக்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டே, "மறுபடி நடத்துதியள்லா, அது வேணும்" என்றார்.

இன்று ஓ.பி.யில் நல்ல கூட்டம். வரிசை வாசலுக்கு வெளியே வேப்பமரம்வரை நின்றது. பதினோரு மணி இருக்கும், முப்பிடாதி அளப்பதற்குப் போட்டிருக்கிற பெண், ஒரு பெரியவரை முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "திட்டுங்க, பரவால்ல, டாக்டர் பாக்கிற வரைக்கும் நான் போக மாட்டேன்" என்று அங்கேயே நின்றாள். பெரியவருக்கு ஒரே கூச்சம். "சின்னக் கொப்புளந்தாம்மா, வலிக்கக்கூட இல்லை. நாளைக்கு வாரேன்னு சொன்னேன், இந்தப் பிள்ளை கேக்க மாட்டேங்கா" என்றார். காலில் செருப்பு இல்லை. எந்த எண் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. காலைக் காட்டுங்க."